ஒளி எங்கே குறைகிறது? கண்ணாடி இழை வடம் பற்றிய கேள்வி-பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்ததைப் போல, வீடுகளுக்கு வந்த செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துகொண்டிருக்கிறது. இம்முறை வந்த கேள்விகளில் ஒளி இழப்பைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டம் பட்டணத்திலிருந்து 9 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இணையம் அடிக்கடி அறுபடுகிறது. பார்க்க வந்தவர், "தூரம் அதிகம், ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். உண்மையா?

உண்மையில்லை, ஐயா. வீட்டை நோக்கி வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். அதில் இன்றைய ஒற்றைமுறை இழை (ஒளி ஒரே பாதையில் செல்லும் மெல்லிய நடுப்பகுதி கொண்ட இழை) கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.25 டெசிபெல் மட்டுமே இழக்கிறது; டெசிபெல் என்பது ஒளி இழப்பை அளக்கும் அலகு. ஆக, உங்கள் 9 கிலோமீட்டர் தின்பது 2.25 டெசிபெல். ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பங்கிடும் ஸ்ப்ளிட்டரோ தனியாகவே சுமார் 17 டெசிபெல்லை விழுங்கிவிடுகிறது. ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் ஜிபான் முறையில் பரவலாக உள்ள பி-பிளஸ் வகைக் கருவிகள் மொத்தம் 28 டெசிபெல் இழப்பைத் தாங்கும் என்பதால், கனெக்டர்களுக்கும் ஒட்டுகளுக்கும் (இரு இழைகளை நிரந்தரமாக இணைத்த இடங்கள்) இன்னும் எட்டு டெசிபெல்லுக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். 1966இல் சார்ல்ஸ் காவ் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் என்ற இலக்கை முன்வைத்த காலத்து இழையாக இருந்தால் தூரத்தைப் பழிக்கலாம்.

அடுத்த முறை வருபவரிடம், மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவைக் கேட்டுத் தேதியுடன் எழுதி வையுங்கள். அந்த வகைக் கருவிக்கு மைனஸ் 27 டிபிஎம் என்பது கடைசி எல்லை (டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஒளியளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு). மைனஸ் 20 அளவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 26 என்றால் சிறு அசைவிலும் இணைப்பு அறுபடும். ஒவ்வொரு 3 டெசிபெல் இறக்கத்துக்கும் ஒளி பாதியாகிறது என்பதை நினைவில் வைத்தால், இந்த எண்களைப் படிப்பது எளிது.

தமிழ்ப்பள்ளி அலுவலகத்துக்கும் கணினி அறைக்கும் இடையே 180 மீட்டர் ஒற்றைமுறை இழை இழுத்தோம். ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வருகிறதே?

நீங்கள் தொடக்க அளவை நிலைநிறுத்தாமல் அளந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒளிமூலத்தையும் மீட்டரையும் முதலில் ஒரே ஒரு பேட்ச் வடத்தால் (இரு முனையிலும் கனெக்டர் உள்ள குட்டை வடம்) நேராக இணைத்து, அந்த அளவைச் சுழி என்று பதிந்துகொள்ள வேண்டும். பின்னர் ஒளிமூலப் பக்கத்து முனையைத் தொடவே கூடாது. தொட்டுக் கழற்றினால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதுதான். மீட்டர் பக்கத்து முனையை மட்டும் கழற்றிப் புதிய இழையின் ஒரு கோடியில் பொருத்தி, மறுகோடியில் நல்லதென்று சோதித்த இரண்டாவது பேட்ச் வடத்தின் வழியாக மீட்டரை இணைத்தால், திரையில் தோன்றுவதே உங்கள் இழையின் இழப்பு.

அந்த எண் எவ்வளவு இருக்கலாம் என்பதை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 180 மீட்டர் இழைக்கு 1310 நானோமீட்டரில் 0.06 டெசிபெல்தான். கட்டட வடங்களுக்கான டிஐஏ-568 தரம் ஒரு கனெக்டர் இணைப்புக்கு 0.75, ஓர் ஒட்டுக்கு 0.3 வரை இடம் தருகிறது. இரு கோடியிலும் ஒவ்வோர் இணைப்பும் ஒவ்வோர் ஒட்டும் என்றால் மொத்தம் 2.16 வரும். இது உச்சவரம்பு; நல்ல கைவேலை 1 டெசிபெல்லைத் தாண்டாது.

எண் தாண்டினால் முதலில் முனைகளைத் துடையுங்கள். ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டம் 9 மைக்ரான் அளவே என்பதால், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு அதை மறைத்துவிடும். வெறும் விரல் ரேகைக்காக நான் ஒரு முறை அரை நாள் செம்பனை வரிசைகளுக்கு நடுவே வடத்தைத் தேடி நடந்திருக்கிறேன். குற்றமோ நான் நடக்கத் தொடங்கிய இடத்திலேயே, பெட்டிக்குள்ளேயே இருந்தது. துடைக்கும்போது முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

பச்சை கனெக்டரை நீல அடாப்டரில் சொருகலாமா?

கூடாது. பச்சையின் முகம் 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தினுடையது சாய்வில்லாதது. இரண்டும் ஒட்டி அமராமல் இடைவெளி விழுவதால் பல டெசிபெல் போய்விடும், முனையும் கீறப்படலாம்.

இழையின் நெடுகிலும் எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் ஓர் ஒட்டில் இழப்புக்குப் பதிலாக ஒளி கூடுவதாகக் காட்டுகிறது. கருவி பழுதா?

பழுதன்று. இக்கருவி இழையிலிருந்து பின்னோக்கிச் சிதறி வரும் ஒளியைத்தான் அளக்கிறது. ஒட்டுக்கு அப்பால் உள்ள இழை சற்று அதிகமாகச் சிதறடிக்கும் வகையாக இருந்தால், ஒளி கூடியது போன்ற தோற்றம் உண்டாகும். மறுகோடியிலிருந்தும் அளந்து சராசரி எடுங்கள்: ஒரு பக்கம் மைனஸ் 0.15, மறுபக்கம் 0.25 என்றால் உண்மை இழப்பு 0.05. ஒரு பக்கத்து அளவை மட்டும் காட்டிப் பணம் கேட்கும் குத்தகைக்காரரை நான் நம்புவதில்லை.

செம்பனை மட்டை விழுந்து வடம் வளைந்து தொங்குகிறது. இணையம் வருவதால் அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம், அம்மா. 1310, 1550 ஆகிய இரு அலைநீளங்களிலும் அளக்கச் சொல்லுங்கள். நல்ல இழையில் 1550இல்தான் இழப்பு குறைவாக இருக்க வேண்டும். வளைவு இருந்தால் அது தலைகீழாகி, 1550இல் இழப்பு ஏறி நிற்கும். சாதாரண ஜி.652 இழையை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது, வளைவைத் தாங்கும்படி செய்யப்பட்ட ஜி.657 ஏ2 வகையோ 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை பொறுத்துக்கொள்ளும். வடத்தைத் தூக்கிக் கட்டும்போது நைலான் பட்டையை இழுத்து இறுக்காமல், பட்டைக்குள் வடம் தாராளமாக நகரும்படி விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.