தனிமைத் தொட்டியில் கடல்மீன்: ஒட்டுண்ணிக் கேள்விகளுக்குப் பதில்

வன்னியில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. புதிதாக வந்த மீனைத் தனியே வைத்து ஒட்டுண்ணிக்கு மருந்து கொடுப்பது பற்றி மட்டும் இன்று சொல்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: எந்த ஒட்டுண்ணி என்று தெரியாமல் மருந்துப் போத்திலைத் திறக்காதீர்கள்.

கேள்வி (கிளிநொச்சி): கொழும்பிலிருந்து எடுப்பித்த பவுடர் புளூ டாங் மீனில் உப்புத் தூள் தூவியதுபோல வெள்ளைப்புள்ளி வந்தது. செம்பு மருந்து போட்டு நாலாம் நாளே புள்ளி போய்விட்டது. இனிப் பெரிய தொட்டிக்கு மாற்றலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. மருந்து போடாவிட்டாலும் அந்தப் புள்ளி போயிருக்கும். கிரிப்டோகாரியன் என்ற இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் மூன்று முதல் ஏழு நாள்வரை தின்று வளரும். பிறகு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், தானாகக் கழன்று விழுந்து, தரையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக் கூடு கட்டும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகி, நீந்தும் குஞ்சுகளாக வெளியே வரும். ஓரிரு நாளுக்குள் மீன் அகப்படாவிட்டால் அவை செத்துப்போகும்.

செம்பு கொல்வது அந்த நீந்தும் குஞ்சுகளை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. அதனால் ஒரே தொட்டியில் வைத்து மருத்துவம் பார்ப்பதென்றால் 30 நாள் செம்பின் அளவு இறங்காமல் நிற்க வேண்டும். இடையில் இறங்கினால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். இந்த மீன் முன்பே பெரிய தொட்டியில் இருந்ததென்றால், அங்கே உள்ள மற்ற மீன்களையும் வெளியே எடுத்து, 76 நாள் மீனே இல்லாமல் விடுங்கள். ஆய்வுகூடத்தில் 72 நாள் கழித்தும் கூடு வெடித்துக் குஞ்சு வந்திருக்கிறது.

கேள்வி (விசுவமடு): விவசாயக் கடையில் மயில்துத்தம் மலிவு. அதையே போடலாமா? எவ்வளவு?

பதில்: மயில்துத்தம் செம்புச் சல்பேட்டுத்தான். ஆனால் பயிருக்கு விற்பதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஆய்வுகூடத் தரத்தில் வாங்குங்கள். தண்ணீரில் நிற்க வேண்டிய செம்பு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். மயில்துத்தத்தின் எடையில் ஏறக்குறைய கால்வாசிதான் செம்பு. ஆகவே 100 லீற்றருக்கு 0.20 என்ற அளவுக்கு வரச் சுமார் 79 மில்லிகிராம் மயில்துத்தம் வேண்டும். இதைச் சமையல் கரண்டியால் அளக்க முடியாது. நிறுத்த மயில்துத்தத்தை முதலில் ஒரு போத்தில் தண்ணீரில் கரைத்து, இரண்டு மூன்று நாளில் பகுதி பகுதியாக விடுங்கள். போத்திலில் விற்கும் கட்டுண்ட செம்பு (வேறு பொருளோடு பிணைத்தது) வேறு கணக்கு. அது லீற்றருக்கு ஒன்றரை முதல் இரண்டரை மில்லிகிராம்வரை போகும், லேபிளைப் பாருங்கள்.

சுண்ணாம்புக் கல், பவள மணல் இரண்டும் செம்பை உறிஞ்சும். தனிமைத் தொட்டிக்குள் குழாய்த் துண்டுகள் மட்டும் இருக்கட்டும். கரித்தூள் வடிகட்டியைக் கழற்றுங்கள். செம்பு அளக்கும் கிட் இல்லாமல் செம்பு போடாதீர்கள். குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் மீன் போய்விடும்.

கேள்வி (மல்லாவி): வெள்ளைப்புள்ளிக்கு என்ன மருந்து?

பதில்: முதல் பதில்.

கேள்வி (முல்லைத்தீவு): நந்திக்கடல் களப்பில் மழைக்காலம் உப்புக் குறைந்துவிடும். அந்தத் தண்ணீரை எடுத்து வந்து மீனை விட்டால் ஒட்டுண்ணி தானாகச் சாகாதா? நீங்கள் ஏன் மருந்து மருந்து என்று நிற்கிறீர்கள்?

பதில்: உப்பைக் குறைத்து வெள்ளைப்புள்ளியைக் கொல்லலாம் என்பது சரி. அது நல்ல முறை, செம்பைத் தாங்காத மீனுக்கு நானே அதைத்தான் சொல்வேன். கடல்நீரின் அடர்த்தி 1.025. அதை இரண்டு நாளில் 1.009க்கு இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் நாலு வாரம் அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். 1.012இல் நின்றால் கூடு பிழைத்துக்கொள்ளும். களப்புத் தண்ணீர் அப்படி ஓரிடத்தில் நிற்குமா? மாரியில் மழைநீர் வந்து சேரும், களப்பின் வாய் வெட்டுப்பட்டால் கடல் உள்ளே வரும், கோடையில் வற்றி உப்பு ஏறும். நீங்கள் இன்று எடுக்கும் வாளியும் அடுத்த கிழமை எடுக்கும் வாளியும் ஒன்றல்ல. கடல்நீரோடு நன்னீரைக் கலந்து ரிஃப்ராக்டோமீற்றர் என்ற உப்பளக்கும் கருவியால் அளந்து செய்யுங்கள்.

கேள்வி (கொக்கிளாய்ப் பக்கம்): முல்லைத்தீவு அண்ணை சொல்வதுதான் சரி. நான் களப்புத் தண்ணீரில் விட்டுப் புள்ளி போன மீன் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பதில்: சந்தோஷம். ஆனால் புள்ளி எப்படியும் போகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது திரும்ப வரவில்லை என்பதை எத்தனை வாரம் பார்த்தீர்கள்? களப்புத் தண்ணீரோடு களப்பு மீன்களின் ஒட்டுண்ணியும் வரும். தாய்வானில் குறைந்த உப்பிலேயே வாழும் வெள்ளைப்புள்ளி வகை பதிவாகியிருக்கிறது. உப்பு ஏறி இறங்கும் நீரில் பழகிய ஒட்டுண்ணியை உப்பைக் குறைத்துக் கொல்லப் பார்ப்பது கடினமான வேலை.

கேள்வி (முல்லைத்தீவு, மறுபடி): அப்பு காலத்தில் எந்த மருந்தும் இல்லை. களப்பு மீன் நோயில்லாமல்தானே இருந்தது?

பதில்: ஐயா, களப்பு மீனுக்கும் ஒட்டுண்ணி இருந்தது, இருக்கிறது. பரந்த நீரில் நூறு குஞ்சு பிறந்தால் ஓரிரண்டு மீனைக் கண்டுபிடிக்கும், மற்றது சாகும். இரண்டடித் தொட்டியில் அந்த மீன் எங்கே ஓடும்? நோய் பெருகுவது இடம் குறுகுவதால். வெல்வெட் என்கிற அமைலூடினியம் இன்னொரு ஒட்டுண்ணி, அதற்கோ உப்புக் குறைவு பொருட்டே இல்லை, களப்பு நீரிலும் பெருகும். உங்கள் தொட்டியில் இருப்பது வெல்வெட் என்றால் ஓரிரு நாளில் மீன் எல்லாம் போய்விடும். இந்த விஷயத்தை இதோடு விடுவோம், காத்திருப்பவர்கள் பலர்.

கேள்வி (நெடுங்கேணி): வெல்வெட்டுக்குக் குளோரோகுயின் நல்லது என்கிறார்கள். வீட்டில் பழைய மலேரியாக் குளிசை கிடக்கிறது.

பதில்: வன்னியில் அந்தக் குளிசை இல்லாத வீடு ஒருகாலம் இருக்கவில்லை. 2016இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, அந்தக் குளிசைகளும் பழசாகிவிட்டன. மருந்து சரிதான், லீற்றருக்கு 10 மில்லிகிராம் குளோரோகுயின் பொஸ்பேட். ஆனால் 250 மில்லிகிராம் பொஸ்பேட் உள்ள குளிசையில் மூல மருந்து 150தான், லேபிள் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். மாப்பொருளும் சேர்ந்திருப்பதால் தண்ணீர் கெடும். தூய தூள் கிடைத்தால் அதையே பாவியுங்கள். வெளிச்சம் மருந்தைக் குறைக்கும், தொட்டியை மூடுங்கள். பழைய குளிசையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அது ஆபத்தானது.

கேள்வி (வவுனியா): கோமாளி மீனில் தடித்த வெள்ளைச் சளி. மூன்று நாள் செம்பில் வைத்தும் குறையவில்லை.

பதில்: குறையாது. இது புரூக்லினெல்லா என்ற வேறு ஒட்டுண்ணியாக இருக்க வேண்டும், செம்பு அதற்கு மருந்தல்ல. 37 சதவீத ஃபோர்மலின் 10 லீற்றருக்கு ஒன்றரை மில்லிலீற்றர், முக்கால் மணிநேரக் குளியல், காற்றுக்கல் பலமாக ஓட வேண்டும். அடியில் வெள்ளைப் படிவு விழுந்த ஃபோர்மலினைத் தொடவே வேண்டாம். கையுறையோடு வெளியில் வைத்துச் செய்யுங்கள், புற்றுநோய் உண்டாக்கும் பொருள். முதலில் செம்பில்லாத தண்ணீருக்கு மாற்றுங்கள், செம்பையும் ஃபோர்மலினையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி (மாங்குளம்): கரண்ட் அடிக்கடி போகும், அளக்கும் கிட்டும் கிடைக்காது. செம்பை விட்டால் வேறு வழி?

பதில்: தொட்டி மாற்றும் முறை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, பட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு, வேறொன்றும் வேண்டாம். 72 மணிநேரம் தாண்டமுன் மீனைப் புதுத் தண்ணீர் உள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். 1, 4, 7, 10, 13 என்று நாளைக் குறித்து வையுங்கள். விழுந்த கூடு வெடிக்கமுன் மீன் வேறிடம் போய்விடும். பழைய தொட்டி, வலை, குழாய் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் முற்றாகக் காய வையுங்கள், ஈரம் இருந்தால் கூடு பிழைக்கும். இது வெள்ளைப்புள்ளிக்கு மட்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): உள்ளிப்பூண்டு கொடுக்கலாமா?

பதில்: சாப்பிடத் தூண்டும். ஒட்டுண்ணியைக் கொல்லாது.

கேள்வி (பரந்தன்): துடுப்பில் பூக்கோவா போன்ற கட்டி.

பதில்: லிம்ஃபோசிஸ்டிஸ், வைரஸ். மருந்து வேண்டாம், நல்ல தண்ணீரும் நல்ல தீனும் போதும்.

கேள்வி (அக்கராயன்): வெள்ளைப்புள்ளிக்கு எத்தனை சொட்டு செம்பு விடுவது?

பதில்: சொட்டுக் கணக்கு யாருக்கும் சொல்ல மாட்டேன். கிட்டை வாங்கி அளவுங்கள். அதோடு அமோனியாவையும் அளவுங்கள். மருந்துத் தொட்டியில் மீன் சாவதற்கு அதுவும் பெரிய காரணம். ஆனால் செம்பு இருக்கும்போது அமோனியா நீக்கும் திரவம் விடாதீர்கள், அது செம்பை மேலும் நஞ்சாக்கும். தண்ணீரை மாற்றுங்கள், எடுத்த அளவுக்குச் செம்பைத் திரும்பச் சேருங்கள்.

கேள்வி (முள்ளியவளை): இன்று காலை முதல் மீன் மேலே வந்து வேகமாக மூச்சு வாங்குகிறது, தீன் எடுக்கவில்லை. பக்கவாட்டில் டோர்ச் அடித்தால் நுண்ணிய பொன்னிறப் படலம். எந்த மருந்தும் கையில் இல்லை.

பதில்: தங்கச்சி, இது வெல்வெட் போலத் தெரிகிறது, நாளைவரை வைக்க வேண்டாம். குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியின் வெப்பத்துக்கும் பீஎச்சுக்கும் கொண்டுவந்து, காற்று ஓட விட்டு, மீனை ஐந்து நிமிடம் அதில் வையுங்கள். சரிந்து விழுந்தால் உடனே எடுங்கள். ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி கழன்று போகும், மூச்சு கொஞ்சம் இலகுவாகும். நோய் அதோடு தீராது. பிறகு பழைய தொட்டிக்குத் திருப்பாமல் புதுக் கடல்நீரில் விட்டு, காற்றைக் கூட்டி, இருட்டாக வைத்து, இன்றே யாரையாவது வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பிச் செம்பும் கிட்டும் எடுப்பியுங்கள். மருந்து வந்ததும் அளவை எனக்கு எழுதுங்கள், உங்கள் தொட்டியின் லீற்றருக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.