வாசகர் கேள்வி: தூரிகை கொடுத்தால் துக்கம் போகுமா?

கேள்வி: அகதிக் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுப்பவர்களில் சிலர், தாங்களே நாடு விட்டு வந்த ஓவியர்களாம். சொந்தக் காயமே ஆறாதவர் குழந்தையின் காயத்தை எப்படி ஆற்றுவார்?

பதில்: நியாயமான சந்தேகம். தூரிகையைக் கையில் கொடுத்ததும் துக்கம் ஓடிவிடும் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் உங்கள் கேள்விக்கு நான் ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸைத்தான் காட்டுவேன். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த யூத ஓவியர். அரசியல் காரணமாக வியன்னாவில் கைதாகி, 1934இல் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகுக்குப் போனவர். அங்கே நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். அவரும் அகதி, எதிரே இருந்த பொடிசுகளும் அகதிகள். கூடமாட ஒத்தாசைக்கு எடித் கிராமர் என்ற இளம்பெண்.

1942 டிசம்பரில் நாஜிகள் ஃப்ரீட்லைத் தெரேசின் என்ற, யூதர்களை அடைத்துவைத்த முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் அனுமதி. அதில் அவர் வண்ணங்களையும் தாள்களையும் அடுக்கினார். முகாமில் அவர் நடத்திய வகுப்புதான் விசேஷம். ‘உன் கஷ்டத்தை வரை’ என்று யாரையும் நோண்டவில்லை. அவர் தாளம் சொல்லச் சொல்லப் பென்சில் அதற்கேற்ப ஓட வேண்டும். ஒரு கதை சொல்வார். அதில் இரண்டு தடவை வரும் பொருள்களை மட்டும் வரைய வேண்டும். பழைய மேதைகளின் ஓவியத்தைப் பார்த்து, காகிதத்தைக் கிழித்து ஒட்டி அதே அமைப்பைக் கொண்டுவர வேண்டும். தாள் கிடைக்காதபோது அலுவலகப் படிவங்களின் பின்பக்கம். அசல் ஓவியப் பாடம், சலுகையே கிடையாது! டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்: எந்தக் கோடு, எந்த நிறம் என்று பிள்ளை தானே முடிவு செய்கிறது பாருங்கள், முகாமில் வேறெதிலும் அதற்கு அந்த உரிமை இல்லை. படத்தில் பெயர் எழுதவும் சொன்னார். கைதிகளுக்கு எண் கொடுத்த இடத்தில் இது சின்ன விஷயமா?

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமில் கொன்றார்கள். மாணவர்களில் பெரும்பாலோரையும் கொன்றுவிட்டார்கள். மிஞ்சியவை சுமார் 4,500 படங்கள். காயம் ஆறியதா என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்க வழியில்லை. ஆனால் 1938இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த எடித் கிராமர், பின்னாளில் ஓவிய சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரானார். படத்துக்கு அர்த்தம் தோண்டுவதைவிட, படைக்கிற வேலையே குணமாக்குகிறது என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

கேள்வி: நான் உதவி செய்யும் வகுப்பில் ஓர் அகதிச் சிறுவன் தாள் முழுக்கக் கறுப்பை மட்டுமே பூசுகிறான். தடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கறுப்பு தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் கொடுங்கள். ‘ஏன் கறுப்பு?’ என்று கேட்காதீர்கள், அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், படத்தை அவன் அனுமதியில்லாமல் யாருக்கும் காட்டாதீர்கள், நன்கொடையாளர்களுக்குக்கூட. தூக்கமில்லை, சாப்பிடவில்லை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் மட்டும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.