அந்த ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: பெரியபட்டினம் பக்கம் மாமனார் பட்டாவில் உள்ள தோப்பில், ஐப்பசியில் கிணறு தூர்வாரியபோது ஒரு முழ நீளத்தில் பச்சை பூத்த உலோக உருளை கிடைத்தது. ஒரு முனை கூம்பு, மறுமுனையில் மரை. என்ன பொருள் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே இரிடியம் இருப்பதாகச் சொல்லி மதுரைக்காரர் ஒருவர் ஒரு லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் தந்தார். இப்போது மீதியைத் தராமல் இழுக்கிறார். மைத்துனர் பாதிப் பங்கு கேட்டு வாசலில் நின்று அசிங்கப்படுத்துகிறார். இருவர் மேலும் வழக்குப் போடலாமா?

பதில்: கடிதத்தில் முக்கால்வாசி மைத்துனர்தான். அவரை விடுங்கள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில் நாலாவது வரியைப் படித்தீர்களா? ‘இரிடியம் கலந்த பழங்காலப் பொருள் என உறுதியளித்து’ அட்வான்ஸ் பெற்றதாக இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. விஷயமே அதுதான்.

மீதி கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போனால், அது இரிடியம் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். நிரூபிக்க முடியாது. இரிடியம் பிளாட்டினம் வகை அபூர்வ உலோகம்; தோப்புக் கிணற்றில் பச்சை பூத்துக் கிடப்பது பெரும்பாலும் செம்பு, பித்தளை வகைதான். ஆனால் பொய் உறுதி கொடுத்துப் பணம் வாங்கியதாக மதுரைக்காரர் புகார் கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு 318(4). ஏழு வருடம் வரை சிறை.

‘அவர்தானே இரிடியம் என்றார், எனக்கு என்ன தெரியும்’ என்பீர்கள். இதையே சொல்லிக்கொண்டு ரிமாண்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மதுரைக்காரர் மாதிரி இரிடியம் பேசும் மோசடிக் கும்பலுக்கு உங்கள் உருளை தேவையே இல்லை. உங்கள் போட்டோவும் கையெழுத்தும்தான் வேண்டும். ‘ராமநாதபுரத்துப் பார்ட்டி கையில் பொருள் ரெடி’ என்று பத்திரத்தைக் காட்டி, வெளியூரில் நாலு பேரிடம் லட்சக்கணக்கில் வசூல் செய்வார்கள். சக்தியுள்ள கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்கிற ரைஸ் புல்லிங், இரிடியம் எல்லாம் ஒரே கடைச் சரக்கு. ஏமாந்தவர்கள் போலீஸ் குற்றப்பிரிவுக்குப் போகும்போது மதுரைக்காரர் போன் அணைந்திருக்கும். விலாசத்தோடு சிக்குவது நீங்கள் ஒருவர்தான். அதற்கு முன்பே ‘டெஸ்டிங்’ என்று விசேஷ உடுப்போடு ஒரு விஞ்ஞானி வந்து, அதன் செலவை உங்கள் தலையில் கட்டுவார். ஒரு பைசா தராதீர்கள்.

வழக்கு வேண்டாம், சமாதானமாக முடியுங்கள். மோசடிக்காரருக்கு ஏன் பணம் என்று கேட்காதீர்கள். ‘பொருளின் தன்மை எனக்குத் தெரியாது, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்’ என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, பணத்தை வங்கி வழியாகவே திருப்புங்கள். டீக்கடையில் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்ததாகவே ஆகாது. அசல் பத்திரத்தைக் கேளுங்கள். அவர் தராவிட்டாலும் நோட்டீஸ் உங்களைக் காக்கும். செலவாகிவிட்டது என்றால் கடன் வாங்கியாவது கட்டுங்கள்.

இனி உருளை. அரத்தால் சுரண்டிப் பார்த்ததாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கூம்பும் மரையும் உள்ள பொருள் கப்பல் சாமானாக இருக்கலாம், வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். 2018-ல் தங்கச்சிமடத்தில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டிய வீட்டில் பெட்டி பெட்டியாகத் தோட்டாவும் வெடிபொருளும் வந்தது ஞாபகம் இருக்கட்டும். அந்த வீட்டுக்காரர் உடனே தகவல் சொன்னார். நீங்கள் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள். தொடாமல், இன்றைக்கே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

குண்டு இல்லை என்று தெரிந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தகவல் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளை மறைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் ஒரு வருடம் வரை சிறை. உங்கள் பங்கும் அரசுக்குப் போய்விடும். ஐப்பசியிலிருந்து ஏன் சொல்லவில்லை என்பார்கள். கிடைத்த தேதியை மாற்றி எழுதாதீர்கள். தூர்வாரிய கூலியாட்கள் சாட்சி இருக்கிறார்கள்.

மைத்துனரின் பங்குப் பேச்சு கலெக்டர் உத்தரவுக்குப் பிறகுதான். பட்டா மாமனார் பெயரில் இருப்பதால் அந்தத் தகவல் மனுவில் அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.