ஜிம்மிக்கு வீட்டிலேயே பிஸ்கட் சுடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு நாய் ஜிம்மிக்கு நான்கு வயது, பத்து கிலோ எடை. கடை பிஸ்கட்டில் என்னென்ன சேர்க்கிறார்களோ என்று பயமாக இருப்பதால், வீட்டிலேயே சுட்டுக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் செய்யும் பிஸ்கட்டையே அதற்கும் தரலாமா? எந்த மாவு நல்லது? எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பதில்: தாராளமாகச் சுடுங்கள். ஆனால் பிள்ளைகளுக்குச் செய்கிற அதே பிஸ்கட் வேண்டாம். அதில் நமக்குப் பிடிப்பதே சர்க்கரையும் வெண்ணெயும் உப்பும்தான். ஜிம்மிக்கு அந்த மூன்றும் தேவையே இல்லை. கொழுப்பு அதிகமானால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கி, வாந்தியும் வயிற்றுவலியுமாகப் படுத்துவிடும். ருசிக்கு என்ன செய்வது என்று கவலைப்படாதீர்கள். முட்டை வேகும் வாசனை வந்தாலே ஜிம்மி அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்துவிடும்.

நான் செய்யும் முறை இது. 200 கிராம் ஓட்ஸை மிக்ஸியில் பொடியுங்கள். ஒரு முட்டை, வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி 100 கிராம் சேர்த்துப் பிசையுங்கள். அவ்வளவுதான். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் ஓட்ஸ் பொடி, உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர். அரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சதுரமாகத் தேய்த்து, கத்தியால் பத்துக்குப் பத்தாகக் கோடு போட்டால் நூறு துண்டு வரும். ஓவனில் 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் சுட்டு, அணைத்தபின் உள்ளேயே ஆற விடுங்கள். அந்த மிச்சச் சூட்டில்தான் ஈரம் போகும்.

நூறு துண்டு எதற்கு என்று கேட்பீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. பத்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதாவது 60 கலோரி. நம் துண்டு ஒன்றில் ஏறக்குறைய 9 இருக்கும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஆறு துண்டு, அதற்கேற்ப சாப்பாட்டில் கொஞ்சம் குறைக்க வேண்டும். வீட்டில் சுட்டதுதானே என்று கணக்கில்லாமல் கொடுத்து எடை ஏறிப்போன நாய்கள் நிறைய. துண்டு சின்னது என்று ஜிம்மி குறைப்பட்டுக்கொள்ளாது. நீங்கள் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள் என்பதே அதற்குப் பெரிது.

கோதுமை மாவும் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். அடிக்கடி சொறிவது, காதில் புண் வருவது என்று இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிட்டு மாவை முடிவு செய்யுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கும் அவரைக் கேட்காமல் எதுவும் புதிதாகக் கொடுக்க வேண்டாம்.

இனி சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்கடேமியா கொட்டை, இதில் எதுவும் மாவில் சேரக்கூடாது. ஈஸ்ட் போட்ட பச்சை மாவை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வயிற்றுக்குள் போயும் அது உப்பும், சாராயமாகவும் மாறும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் சைலிட்டால். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் சில பண்டங்களிலும், சில வேர்க்கடலை வெண்ணெயிலும் இந்த இனிப்பு இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கோ இன்சுலினைச் சட்டென்று ஏற்றி, இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும், கல்லீரலும் கெடலாம். ஆகவே டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் எதையும் சேர்க்காதீர்கள். தப்பித் தவறித் தின்றுவிட்டால், என்ன ஆகிறது பார்க்கலாம் என்று காத்திருக்காமல், நீங்களாக வாந்தி எடுக்க வைக்காமல், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதல் தடவை நான் சூடு ஆறுவதற்குள் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மூன்றாம் நாள் திறந்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தது, பிஸ்கட் ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை. பூஞ்சையைச் சுரண்டிவிட்டுக் கொடுக்கும் வேலை வேண்டாம்; சில பூஞ்சை விஷத்துக்கு நாய்க்கு வலிப்பே வரும். மொத்தத்தையும் கொட்டினேன். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். வளையாமல் டப்பென்று முறிந்தால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். மிச்சத்தை ஃப்ரீசரில் போட்டால் இரண்டு மாதம் தாங்கும்.

முதல் நாள் ஒரே ஒரு துண்டு கொடுத்து, வயிறு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சரியாக இருந்தால் அப்புறம் தினமும் காலையில் ஆறு துண்டை எடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். வீட்டில் யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கடைசித் துண்டு மிஞ்சி, ஜிம்மி இன்னும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றால், அதை இரண்டாக உடைத்துக் கொடுங்கள்.