எழுதாமல் விட்டதை வரையுங்கள்

கேள்வி: சிறுவர் கதைகளுக்குப் படம் வரைகிறேன். உருவங்கள் நன்றாக வருகின்றன. ஆனால் கதையில் உள்ளதையே படமும் திரும்பச் சொல்கிறது என்கிறார் பதிப்பாசிரியர். கற்பனையை எங்கிருந்து கொண்டுவருவது?

பதில்: எழுத்தாளர் சொல்லாமல் விட்ட இடத்திலிருந்துதான். "அன்று நல்ல மழை. முருகன் பள்ளிக்கூடம் போகவில்லை" என்று ஒரு வரி வருகிறது. உடனே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பையனை வரையத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஏன் போகவில்லை? அடுப்புக்கு மேலே கொடியில் ஈரச் சீருடை தொங்கட்டும். ஓடு ஒழுகும் இடத்தில் வைத்த குண்டான் நிரம்பி வழிய, முருகன் கையில் அடுத்த பாத்திரத்தோடு வரட்டும். அந்த வீட்டின் நிலைமை முழுக்கத் தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: பின்னால் எங்காவது அவனுக்கு இரண்டு சீருடை என்று வந்தால் படம் பொய்யாகிவிடும். அதனால் முழுக் கதையையும் படிக்காமல் பென்சிலைத் தொடாதீர்கள்.

அப்புறம், எந்தக் கணத்தை வரைவது என்பது. என் அனுபவத்தில் பாதி வேலை இதுதான். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றுச் சுவரில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931-இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களில் சுந்தரர் கதை இருக்கிறது. திருமண வீட்டுக்கு வந்த முதியவர் ஒரு கையில் குடையும் மறு கையில் ஆளோலையுமாக, அதாவது மாப்பிள்ளை சுந்தரர் தனக்கு அடிமை என்று சொல்லும் ஓலையுமாக, நிற்கிறார். கூடியிருப்பவர்களிடம் அதிர்ச்சியும் வாக்குவாதமும். வழக்கு இன்னும் தீரவில்லை, அதனால்தான் கண் அங்கேயே நிற்கிறது. உள்ளே போய்ப் பார்க்க எல்லோருக்கும் அனுமதி கிடைக்காது. அச்சில் வந்த படங்களையாவது தேடிப் பாருங்கள். அதே சுவரில் சுந்தரர் மறுபடியும் வருகிறார், வெள்ளை யானைமேல் கயிலைக்குப் போகிறவராக. ஒரே ஆள் ஒரே சுவரில் இருமுறை! குழந்தைகள் இதைக் குழப்பமில்லாமல் படிப்பார்கள், தைரியமாக நீங்களும் செய்யலாம்.

வரையும் முன் ஒரே காட்சியைத் தீப்பெட்டி அளவில் ஏழெட்டு விதமாகக் கிறுக்குங்கள். முதலில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே எங்கோ பார்த்த படமாக இருக்கும். ஒன்றையாவது ஆறு வயதுப் பிள்ளையின் கண் உயரத்திலிருந்து போடுங்கள். மேசைக்கு அடியில் இருப்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு பக்கத்துக்கு விரியும் படமென்றால் முகங்கள் நடு மடிப்பில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு இடம் விடுவதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

சரி, படம் முடிந்ததும் எழுத்தை மறைத்துவிட்டு ஒரு குழந்தையிடம் கொடுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதிப்பாசிரியருக்கு அனுப்பலாம்.