பிஐஎஸ் எண் திடீரென ஏறினால் மருந்தைக் கூட்டலாமா?

கேள்வி: ஐசியுவில் செவிலியராக இருக்கிறேன். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ப்ரோபோபோல் என்ற மயக்க மருந்து ஓடுகிறது. மூளை அலையை வைத்து மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பிஐஎஸ் எண் 45ல் இருந்தது, திடீரென 72க்கு ஏறியது (ஏறினால் மயக்கம் லேசு). மருந்தைக் கூட்டியும் இறங்கவில்லை. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் நோயாளியை; அடுத்து மானிட்டரில் தசை மின்துடிப்பைக் காட்டும் இஎம்ஜி பட்டையை. நெற்றித் தசையின் மின்துடிப்பு 30 ஹெர்ட்ஸுக்கு மேல் மூளை அலைகளோடு கலந்துவிடும். மானிட்டர் அதை விழித்த மூளையின் வேக அலையாகக் கணக்கிடும். நடுங்கினாலும், பல்லைக் கடித்தாலும் எண் ஏறுவது அதனால்தான். இஎம்ஜி உயர்ந்திருந்தால் வலியா, குளிரா, டியூப் உறுத்தலா என்று பாருங்கள். தசைத் தளர்வு மருந்து ஓடவில்லை என்றால் கூப்பிட்டும் தொட்டும் விழிப்பை மதிப்பிடும் ராஸ் அளவுகோலையே நம்புங்கள். பிஐஎஸ் அதற்கு மாற்றல்ல.

அட்ராகூரியம் போன்ற தசைத் தளர்வு மருந்து ஓடும்போது கதையே வேறு. கூப்பிட்டாலும் கண் திறக்க முடியாதவரிடம் ராஸ் பார்க்க வழியில்லை. இஎம்ஜி அடியில் கிடக்கிறது, சிக்னல் தரத்தைக் காட்டும் எஸ்க்யூஐ நன்றாக இருக்கிறது, எண் மட்டும் ஏறுகிறது என்றால் அவர் உள்ளே விழித்திருக்கலாம். அசைய முடியாமல் எல்லாம் உணர்ந்து கிடப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ஒரு நிமிடமும் தள்ளாதீர்கள். சிரிஞ்ச் தீர்ந்ததா, மருந்துக் குழாயின் திருகடைப்பு மூடியிருக்கிறதா, ரத்தக் குழாயில் செருகிய கேனுலா வெளியே வந்துவிட்டதா என்று பார்த்தபடியே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நெற்றியில் ஒட்டும் சென்சாரும் ஏமாற்றும். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்க ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். சென்சாரின் முதல் வட்டம் மூக்குத் தண்டுக்கு மேலே சுமார் 5 செ.மீ., நெற்றி நடுவில். நான்காவது புருவத்துக்கு நேர் மேலே. மூன்றாவது வட்டம், கண்ணின் கோடிக்கும் தலைமுடிக்கும் இடையே, நெற்றியோரப் பொட்டில். ஒவ்வொன்றையும் 5 விநாடி அழுத்துங்கள். எஸ்க்யூஐ 50க்குக் கீழே போனால் எண்ணைக் குறிக்காதீர்கள். 24 மணி நேரத்தில் சென்சாரை மாற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கீட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்தால் ஆழ்ந்த மயக்கத்திலும் எண் ஏறலாம். டெக்ஸ்மெடெடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தில் எண் இறங்கியிருந்தாலும் தட்டினால் நோயாளி எழுந்துவிடலாம்.

எண் இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். கடைசி 63 விநாடியில் எத்தனை சதவீத நேரம் மூளை அலை அடங்கிக் கிடந்தது என்பதை எஸ்ஆர் சொல்லும். அப்படி அடக்குவது திட்டத்தில் இல்லாதபோது எஸ்ஆர் ஏறினால் மருந்து அதிகமாக இருக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் சூடு மூன்றையும் உடனே பாருங்கள். அசைவில்லாத வலிப்பு என்று சந்தேகம் வந்தால் நெற்றிச் சென்சார் போதாது. தலை முழுக்க எலக்ட்ரோடு வைத்து மூளை அலையைப் பதியும் இஇஜி கேளுங்கள்.