கீபோட்டுக்கும் லெப்டொப்புக்கும் நடுவுல என்ன வாங்கணும்?

கேள்வி: அண்ணே வணக்கம், நான் தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். எங்க கோயில் பஜனைக் குழுவுல யமஹா பி.எஸ்.ஆர் கீபோட் ஒன்னும் நாலு மைக் போடுற சின்ன மிக்சர் ஒன்னும் இருக்கு. மார்கழி பஜனைக்கு முன்னுக்கே நாங்களே பாட்டு ரெக்கோட் பண்ணி வைப்போம்னு, கீபோட்டுக்குப் பின்னால இருக்குற யூ.எஸ்.பில பிரிண்டர் வயர் ஒன்ன போட்டு லெப்டொப்ல சொருகினேன், ஓடாசிட்டிங்குற ரெக்கோடிங் சொஃப்ட்வெயார்ல சத்தமே வரல. மிக்சர்லயும் யூ.எஸ்.பி இருக்கு, அதுலயும் ஒன்னும் வரல. கடையில கேட்டா இது சரிவராது, பன்னண்டு சேனல் புதுசு எடுங்கன்னு சொல்றாங்க. எடுக்கவா?

பதில்: எடுக்காதீங்க தம்பி. உங்ககிட்ட இருக்குற மிக்சரே போதும், குறையிறது சின்ன சாமான் ஒன்னுதான்.

யூ.எஸ்.பின்னு ஒரே பேர்ல மூணு வேல நடக்குது, அது தெரியாமத்தான் நம்ம ஆளுங்க சீட்டுக் காச கொண்டுபோய் தேவையில்லாத சாமானுல கொட்டுறாங்க, எனக்கு அதுதான் கவலை. கீபோட்டுல இருக்குற சதுர ஓட்டையில பெரும்பாலும் சத்தம் போறதே இல்ல, மிடி மட்டும்தான் போகும். எந்தக் கட்டைய எப்ப அமுக்கினீங்க, எவ்வளவு அழுத்தமா, எப்ப கைய எடுத்தீங்கங்குற விவரம் மட்டும்தான், பாட்டுக்குப் பதிலா ஸ்வரம் எழுதின தாள அனுப்புற மாதிரி. ஓடாசிட்டி மிடிய ரெக்கோட் பண்ணாது, அதனாலதான் அங்க ஒன்னும் வரல. ரீப்பர் மாதிரி வேற ரெக்கோடிங் சொஃப்ட்வெயார் ஒன்னுல மிடி பதிவாகும், ஆனா அப்பவும் கேக்குறது லெப்டொப்புக்குள்ள இருக்குற ஏதாவது பிளகின், அதாவது சொஃப்ட்வெயார் வாத்தியத்தோட சத்தம்தான், உங்க யமஹாவோட சத்தம் இல்ல. சில மொடல் மட்டும் வேற, பி.எஸ்.ஆர் ஈ373ல அதே ஓட்டையில 44.1 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோ சத்தமும் போகும். அதனால கீபோட்டத் திருப்பி மொடல் நம்பரப் பாருங்க, மெனுவல்ல யூ.எஸ்.பி ஓடியோன்னு போட்டிருந்தா கீபோட்டுக்கு சல்லிக் காசு செலவில்ல, விண்டோஸ்னா யமஹா ட்ரைவர இலவசமா இறக்கிப் போட்டா சரி.

மிக்சர்ல இருக்குறது பென் டிரைவ் சொருகுற தட்டை ஓட்டைன்னா அது பாட்டுப் போடத்தான், சிலதுல பென்னுக்கே ரெக்கோடும் ஆகும், ஆனா லெப்டொப்புக்கு அதுல வழி இல்ல. லெப்டொப்புக்கு சத்தம் அனுப்புற மிக்சர் வேற வகை. யமஹா எம்.ஜி10 எக்ஸ்.யூல அது இருக்கு, வெறும் எம்.ஜி10ல இல்ல, ரெண்டு எழுத்துதான் வித்தியாசம், பெட்டியில பார்த்தா ஒன்னு மாதிரியே இருக்கும். அந்தப் பன்னண்டு சேனல்லயும் கூட லெப்டொப்புக்குப் போறது அநேகமா எல்லாம் கலந்த ரெண்டே சேனலாத்தான் இருக்கும், வாங்குறதுக்கு முன்ன இத கட்டாயம் கேளுங்க.

நீங்க வாங்க வேண்டியது ஓடியோ இன்டர்பேஸ், அதாவது மிக்சர்ல இருந்து வர்ற சத்தத்த யூ.எஸ்.பி வழியா லெப்டொப்புக்குள்ள கொண்டு போற சின்னப் பெட்டி. ஆகக் குறைஞ்ச செலவுன்னா பெஹ்ரிங்கர் யூ.சி.ஏ202 மாதிரி சின்னது, மிக்சர்ல டேப் அவுட் இல்லாட்டி ரெக் அவுட்னு செவப்பும் வெள்ளையுமா இருக்குற ஓட்டையில இருந்து ஆர்.சி.ஏ வயர் போட்டா நேரா வேல செய்யும். பின்னாடி மைக்கையும் தனியா எடுக்கணும்னா கொஞ்சம் கூடக் குடுத்து ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி ரெண்டு இன்புட் உள்ளத எடுங்க. லெப்டொப்போட ஹெட்போன் ஓட்டையில நேரா குடுத்துப் பார்க்காதீங்க, அதுல உள்ள போறது மைக்குக்கான மோனோ லைன், மிக்சரோட சத்தம் அதுக்கு ரொம்பக் கூட, கிழிஞ்சுதான் பதிவாகும்.

வயர் விஷயத்த நல்லா கவனிங்க. உங்க கீபோட்டுல ஹெட்போன் அவுட் மட்டும் இருந்தா அது ஸ்டீரியோ, அதுல ரெண்டு பக்கமும் ஸ்டீரியோ ஜெக் உள்ள வயரப் போட்டு மிக்சரோட ஒரு சேனல்ல குடுத்தா, இடது சத்தமும் வலது சத்தமும் ஒன்ன ஒன்னு வெட்டி நடுவுல இருக்குற சத்தம் காணாமப் போயிரும், பியானோ மெலிஞ்சு எங்கயோ தூரத்துல கேக்கும், ஆளுங்க கீபோட் பழுதுன்னு ரிப்பேருக்குக் கொண்டு போறாங்க. ஒரு ஸ்டீரியோ ஜெக் ரெண்டு மோனோ ஜெக்கா பிரியிற ஒய் வயர் கேட்டு வாங்குங்க, ரெண்டையும் மிக்சர்ல ரெண்டு சேனல்ல குடுத்து, பேன்னு போட்டிருக்குற குமிழால ஒன்ன இடது பக்கம் இன்னொன்ன வலது பக்கம் திருப்புங்க.

பாட்டுக்காரங்க சத்தமும் கீபோட்டும் பிறகு தனித்தனியா கூட்டிக் குறைக்கணும்னா, கீபோட் மொத்தத்தையும் இடது பக்கம் முழுசா திருப்புங்க, மைக் எல்லாத்தையும் வலது பக்கம், ரெக்கோட் ஆனதும் சொஃப்ட்வெயார்ல ரெண்டு மோனோ ட்ரெக்கா பிரிச்சிக்கலாம். கீபோட் மோனோவாயிரும், பஜனைக்கு அது பெரிய குறை இல்ல. சொஃப்ட்வெயார்ல லெவல் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கட்டும், செவப்புல தொட்ட சத்தத்த பிறகு திருத்தவே முடியாது.

சொஃப்ட்வெயாருக்கு இப்பவே காசு போடாதீங்க. ஓடாசிட்டி இலவசம், ரீப்பர 60 நாள் சும்மா பாவிச்சுப் பார்க்கலாம், பிடிச்சா குறைஞ்ச லைசன்ஸ் 60 டொலர். பாடுறது ஹெட்போன்ல பிந்திக் கேட்டா ரீப்பர்ல, சத்தம் பிந்துறதக் குறைக்கிற ஏசியோ ட்ரைவர் போட்டு, சத்தத்த சேர்த்து வச்சு அனுப்புற பஃபர 256க்குக் கொண்டு வாங்க, 44.1 கிலோஹேர்ட்ஸ்ல அது ஆறு மில்லிசெக்கனுக்குள்ள. கிர்ர்னு இரைச்சல் வந்தா சார்ஜர கழட்டி பெட்டரியில ஓட்டிப் பாருங்க, பல நேரம் அங்கயே நின்னுரும்.

இன்னொன்னு, நம்ம பக்கம் ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரத்துல இடி ஆரம்பிச்சா சுவிட்ச மட்டும் அடிச்சா காணாது, பிளக்கையே கழட்டுங்க, லெப்டொப்புக்கும் மிக்சருக்கும் நடுவுல வயர் இருந்தா அதையும்.

கேள்வி: அண்ணா, கொட்டகலையில இருந்து. எங்க வீட்டுல லெப்டொப் இல்ல, ஆண்ட்ரோய்ட் போன்ல கீபோட் சத்தத்த ரெக்கோட் பண்ண ஏலுமா?

பதில்: ஏலும் தங்கச்சி. ட்ரைவர் இல்லாமலே வேல செய்யிற, கிளாஸ் கொம்ப்ளையன்ட்னு சொல்ற வகை இன்டர்பேஸ் ஒன்னும் போன்ல யூ.எஸ்.பி சாமான் சொருக உதவுற ஓ.டி.ஜி வயரும் இருந்தா போதும். சில போனுக்கு இன்டர்பேஸுக்குக் கரண்ட் குடுக்க பலம் போதாது, அப்ப தனி சார்ஜர் போடுற யூ.எஸ்.பி ஹப் ஒன்னு நடுவுல வேணும். வாங்க முன்ன போனையும் கீபோட் வயரையும் கடைக்கே கொண்டுபோய் ஒரு நிமிஷம் ரெக்கோட் பண்ணிக் கேட்டுப் பார்த்துட்டு, மொடல் நம்பர் போட்ட பில்லோட எடுங்க. பில் தரமாட்டேன்னாலோ பழுதான சாமானுக்கு பதில் சொல்லாட்டியோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977ங்குற போன் நம்பர்ல சொல்லலாம்.